என் சக்களத்தி படகேறிய கதை

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், பேத்தி மூவரும் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது, பிள்ளை பெற்ற மகளைப் பார்த்துக்கொள்வதில் உன் மனைவிக்குத் தூக்கம் உண்டா, எல்லாவற்றையும் பதிலில் எழுது.

பேரன் பிறந்த சேதியை அடுப்படியில் நின்று ஒரு தடவை படித்தேன். கூடத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை, சத்தமாக. அது உன் மச்சானுக்காக. அவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். குழந்தையின் எடை வந்த இடத்தில் பேப்பர் கொஞ்சம் இறங்கியது.

"போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றேன்.

"போவோம். யாரு வேண்டாம்னா?"

"பஸ்ஸுக்குச் சொல்லட்டுமா?"

"பஸ்ல நீ போ. நான் வந்தா கார்லதான் வருவேன்."

எழுந்து கொட்டகைக்குப் போய், துடைத்த காரையே மறுபடி துடைத்தார். அவள் என் சக்களத்தி. எனக்கு முன்னாலேயே இந்த வீட்டுக்கு வந்தவள். அவளுக்குக் கிடைத்த எண்ணெயும் பாலிஷும் எனக்குக் கிடைத்திருந்தால் நானும் இன்றைக்குப் பளபளவென்று இருப்பேன்.

எல்லாம் உன் வாயால் வந்த வினை, தம்பி. உன் ஒர்க்‌ஷாப் திறந்த அன்று ஆசை ஆசையாகக் காரில் கிளம்பினோம். ஆற்றைக் கடக்கிற படகில் வண்டி ஏறினால் இன்ஜினை நிறுத்தியாக வேண்டும், அது அங்கே சட்டம். அக்கரையில் இவள் கிளம்பவே இல்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் பாவம் பார்த்து மேடேறத் தள்ளிவிட்டார்கள். உன் வாசலுக்கும் தள்ளிக்கொண்டுதான் வந்து சேர்ந்தோம். நீயாவது சும்மா இருந்தாயா? அத்தனை பேர் முன்னால், "மச்சான், சூடாகுற வரைக்கும் இது காரு, சூடாயிட்டா பெஞ்சு" என்றாய். கூட்டமே சிரித்தது. "இந்த பெஞ்சு ஒரு நாள் தானா ஓடி வந்து உன் வாசல்ல ஹார்ன் அடிக்கும். அதுவரைக்கும் உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்று இவர் சொன்னார். இவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

அவள் குணம் இன்னும் மாறவில்லை. காலையில் பட்டனைத் தொட்டாலே உறுமுவாள். ஓடிச் சூடாகி நிறுத்தினால் முடிந்தது. அதனால் சந்தைக்குப் போனால் இன்ஜினை நிறுத்துவதே இல்லை. இவர் தக்காளி பொறுக்குவார், நான் ஓடுகிற வண்டிக்குள் காவல் உட்கார்ந்திருப்பேன்.

மகள் ஜூலைக் கடைசி வரை உன்னிடம் இருப்பாள் என்று எழுதியிருந்தாய். அதற்குள் இவர் அந்தக் குழந்தையைத் தூக்கியாக வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. நீ ஸ்டார்ட்டர், டைனமோ எல்லாம் பழுது பார்க்கிறவன். இவளுக்கு என்ன வியாதி என்று எனக்கு மட்டும் எழுது. போன் கூடத்தில் இருக்கிறது, பேசினால் இவர் காதில் விழும்.

குழந்தைக்கு என் முத்தம்.
உன் அக்கா

•

பிப்ரவரி 15

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். முட்டிவலி என்னோடுதான் இருக்கிறது, வாடகை கேட்காத குடித்தனக்காரன் மாதிரி. குழந்தை ராத்திரி விழிக்கிறான், பகலில் தூங்குகிறான். வீட்டில் மற்றவர்கள் ராத்திரியும் விழிக்கிறோம், பகலிலும் விழிக்கிறோம். ஆனால் ஒருவருக்கும் முகத்தில் கடுப்பில்லை.

பெஞ்சு என்று சொன்னது தப்புதான். வாய்க்கு வந்த வேகத்தில் வந்துவிட்டது. அன்றைக்கே பானெட்டைத் திறக்க விட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் பார்த்திருப்பேன். "கை வெச்ச, அவ்ளோதான்" என்றார் மச்சான். அதை விடு.

வியாதி இதுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. வண்டி ஓடும்போது காற்று பட்டுப் பிழைத்துக்கொள்ளும். நிறுத்தினால் குழாய்ச் சூடு முழுவதும் அதன் மேல்தான் இறங்கும். சூடேறிய செம்புக் கம்பி கரண்டைச் சுலபமாக விடாது. அதோடு வேறு ஏதாவது கோளாறும் சேர்ந்திருந்தால் கதை கந்தல். அந்த இன்னொரு கோளாறைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு சோதனை சொல்கிறேன். வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்து முன்விளக்கைப் போட்டு, ஒருவர் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தட்டும். நீ எதிரில் நின்று விளக்கைப் பார். பட்டனை அழுத்தும்போது விளக்கு மங்குகிறதா, அப்படியே எரிகிறதா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

யார் சொன்னார் என்று மச்சான் கேட்டால் என்ன சொல்வாய்? யோசித்து வைத்துக்கொள்.

அன்புடன் தம்பி

•

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு. எல்லோரும் சுகம். பேத்திக்கு பேங்கில் மேஜை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஜன்னலோரம். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே வெளிச்சம் வந்த மாதிரி இருக்கிறது.

சோதனை முடிந்தது. பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து, சந்தையிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"வண்டியை ஆஃப் பண்ணுங்க. லைட்டைப் போட்டுட்டு டீ குடிங்க. அப்புறம் பட்டனை அழுத்துங்க, நான் முன்னாடி நின்னு பாக்கறேன்."

"எதைப் பாக்கப் போற?"

"லைட்டு மங்குதான்னு."

உன் மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை உனக்கு யாரு சொன்னது?"

நீ எச்சரித்தும் நான் யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "தையல் மிஷின் ரிப்பேர் பண்ண ஒருத்தர் வந்தாரே, அவருதான். அவருக்கு மோட்டார் எல்லாம் அத்துப்படியாம்."

"நம்ம மிஷின் கால்ல மிதிக்கிறதாச்சே? அதுல ஏது மோட்டாரு?"

"அவருக்குத் தெரிஞ்சதையெல்லாம் நம்ம மிஷின்லயா காட்டணும்?"

அவர் டீயைக் குடித்தார், வண்டியில் ஏறினார், அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். விளக்கு துளியும் மங்கவில்லை தம்பி. எனக்குக் கண் கூசி, அரை மணி நேரம் உன் மச்சான் முகமே மஞ்சள் வட்டமாகத் தெரிந்தது. அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது.

இன்னொன்று. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரே பச்சை! போன மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருந்தபோது இன்ஜின், மோட்டார், போல்ட், நட்டு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, பளபளப்பான பச்சைப் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார். இதற்கு முன்னாலும் ரெண்டு மூன்று கோட் அடித்திருக்கிறாராம். உள்ளே பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. அது வியாதிக்குச் சம்பந்தமில்லாத விஷயம், சும்மா எழுதினேன்.

குழந்தை குப்புற விழுந்தானா?
உன் அக்கா

•

மார்ச் 11

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் நலம். குழந்தை குப்புற விழவில்லை. ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்து நான் விழுந்தேன்.

சம்பந்தமில்லாத விஷயமா? அதுதான் அக்கா விஷயமே!

விளக்கு மங்கவில்லை என்றால், பேட்டரி நன்றாக இருக்கிறது, கரண்ட்தான் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பேட்டரியிலிருந்து வருகிற கரண்ட் மோட்டாரைச் சுற்றிவிட்டு, இன்ஜின் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அது திரும்பிப் போகிற வழி, இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற பட்டையான பின்னல் ஒயர். எர்த் ஒயர் என்போம். அதன் முனை வெறும் இரும்பில் உட்கார வேண்டும். மச்சான் ஆசையாக அதன் அடியிலும் பெயின்ட் அடித்திருக்கிறார். போல்ட்டின் மரைவழியாக ஏதோ கொஞ்சம் ஒழுகிப் போகிற கரண்டில்தான் காலையில் வண்டி கிளம்புகிறது. சூடு ஏறினால் அதுவும் அடைத்துக்கொள்கிறது.

பேட்டரி ஒயரை முதலில் கழற்றிவிடு. பிறகு அந்தப் பட்டை ஒயரின் ரெண்டு முனையையும் கழற்றி, ஒயர் உட்காருகிற இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய். இரும்பு வெள்ளி மாதிரி தெரியும்வரை தேய்க்க வேண்டும். ரெண்டு காசு அகலம் போதும். மோட்டார் இன்ஜினோடு சேருகிற இடத்திலும் அப்படியே.

மச்சான் பெயின்ட்டில் கை வைப்பது எப்படி என்பதை மட்டும் என்னிடம் கேட்காதே. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

தம்பி

•

மார்ச் 29

அன்புத் தம்பிக்கு. உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, உன் மச்சானுக்கு மனசு மட்டும் கொஞ்சம் காயம்.

பதமாகத்தான் சொன்னேன். "மிஷின்காரர் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டணும்ங்கறார்." இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ?" "ரெண்டு காசு அகலம்." "ஒரு காசு அகலம்னு சொல்லிப் பாரு." பேரம் பேசுகிறார் தம்பி, எதிரில் இல்லாத ஆளிடம்!

கடைசியில் தன் கையால் முடியாது என்று என்னிடம் உப்புத்தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான் தேய்க்கத் தேய்க்க, "போதும்... போதும்... இன்னுமா?" என்று ஒரே புலம்பல். சக்களத்தியின் மேக்கப்பைக் கலைப்பதில் எனக்கு எவ்வளவு சுகம் என்று வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. இரும்பு வெள்ளிபோல வந்ததும் மாட்டினோம். காலையில் பட்டனில் விரல் பட்டதும் சீறிக்கொண்டு கிளம்பினாள். இவருக்கு வந்த சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. பின்னே மனசில் ஏன் காயம் என்கிறாயா? சூட்டில் இன்னும் சரியில்லை. ஆனால் இப்போது வேறு மாதிரி. டக் என்பதோடு நிற்காமல், மூட்டை தூக்குகிறவர் மாதிரி ம்ம்ம் என்று முனகுகிறாள், ஒரு சுற்றுச் சுற்றுகிறாள், நின்றுவிடுகிறாள். விளக்கும் மங்கி, தூங்கப்போகிற கண் மாதிரி ஆகிவிடுகிறது.

ராத்திரிச் சாப்பாட்டில் உன் மச்சான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த மிஷின்காரருக்கு வீட்ல விசேஷமாமே? பேரன் பொறந்திருக்கானாமே?"

நான் ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

"ஆமா, பொறந்திருக்கான்" என்றேன்.

"யாரு ஜாடைன்னு கேட்டு வை" என்றார். கை கழுவப் போய்விட்டார்.

உன் அக்கா

•

ஏப்ரல் 20

அக்காவுக்கு. பதில் தாமதமாகிவிட்டது, கோபப்படாதே. வீட்டில் எல்லோரும் நலம். குழந்தை இப்போது குப்புற விழுகிறான், மறுபடி மல்லாக்கத் திரும்பத் தெரியாமல் ஊரைக் கூட்டுகிறான்.

விளக்கு மங்குகிறது என்றால் நல்ல சேதி. கரண்ட் மோட்டாருக்குப் போய்விட்டது, மோட்டாரால்தான் சுற்ற முடியவில்லை. உள்ளே சுழலும் தண்டைத் தாங்குகிற வெண்கலப் புஷ் தேய்ந்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது எப்படியோ சமாளிக்கும். சூட்டில் தண்டு ஒரு பக்கம் சாய்ந்து உரசுகிறது. இதைக் கடிதத்தில் சரி செய்ய முடியாது. மோட்டாரைக் கழற்றி லாரி பார்சலில் அனுப்பச் சொல். ரெண்டு போல்ட்தான், மச்சானுக்குத் தெரியாததில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். மருமகனுக்கு லீவு கிடைக்கிற தேதி மாறிவிட்டதால் மகளை ஜூலைக்குப் பதிலாக ஜூன் கடைசியில் கூட்டிக்கொண்டு போகிறார். போனால் ரெண்டு வருஷம் கழித்துத்தான் வர முடியுமாம். ஆனால் நீங்கள் அவசரப்பட வேண்டாம். முடிந்தபோது அனுப்புங்கள். அவசரமே இல்லை.

தம்பி

•

ஏப்ரல் 28
(மோட்டார் பார்சலுக்குள்)

தையல் மிஷின் நிபுணர் அவர்களுக்கு,

தங்களை எனக்கு நேரில் பழக்கமில்லை. என் மனைவி மூலமாகத் தாங்கள் சொல்லி வரும் யோசனைகள் ஓரளவு சரியாகவே இருக்கின்றன. இத்துடன் ஸ்டார்ட்டர் மோட்டார் அனுப்பியிருக்கிறேன். வழியில் அடிபடாமல் இருக்க என் பழைய சட்டை ஒன்றில் சுற்றியிருக்கிறேன். சட்டையைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

தாங்கள் எழுதிய கடைசிக் கடிதத்தை என் மனைவி எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவில்லை. மனசுக்குள் படித்தாள். பிறகு, அவசரமில்லை என்று ஒருவர் மறுபடி மறுபடி எழுதினால் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன்.

மேல் பெயின்ட் கீறாமல் வேலை பார்க்கவும். தங்கள் வீட்டுக் குழந்தை யார் ஜாடை என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்

•

மே 17

கார் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமென்று நம்புகிறேன். மோட்டார் பத்திரமாக வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததும் பச்சை நிறம் கண்ணைப் பறித்தது. என் தொழிலில் இத்தனை அழகான மோட்டாரைப் பார்த்ததில்லை, இது பொய்யில்லை.

புஷ் இரண்டும் மாற்றியாயிற்று. உள்ளே கரண்டைக் கடத்துகிற கார்பன் கட்டை தேய்ந்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். மேஜையில் வைத்து, அடுப்பு மேல் சூடேற்றியும் சுற்றிப் பார்த்தேன். பம்பரம் மாதிரி சுற்றுகிறது. மேல் பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

மாட்டும்போது ஒரு வேலை செய்யவும். மோட்டாருக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் ஒரு தகரத்தடுப்பு வைக்க வேண்டும். எதன் மேலும் ஒட்டாமல், இருபக்கமும் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். சூட்டை அது வாங்கிக்கொள்ளும். தகரத்துக்குப் பெயின்ட் வேண்டாம். பளபளவென்று விட்டால்தான் சூட்டைத் திருப்பி அனுப்பும்.

சட்டையைத் திருப்பித் தர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். என் மனைவி கேட்கவில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, விட்டுப்போன பட்டனையும் தைத்து மோட்டாரோடு வைத்திருக்கிறாள்.

குழந்தையின் மூக்கு என் மூக்கு. கண் அவன் அம்மாவுடையது. கோபம் மட்டும் எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவரைப் போல. பால் பாட்டில் ஒரு தரம் நழுவினால் அப்புறம் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இப்படிக்கு,
தையல் மிஷின் நிபுணர்

•

மே 30

அன்புத் தம்பிக்கு. நீயும் உன் மனைவியும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே மூவரும் சுகம். ஒருத்தி மட்டும் குமரிபோலத் துள்ளுகிறாள், கொட்டகையில் இருப்பவள்.

உன் கடிதத்தை உன் மச்சான் நின்றுகொண்டே படித்தார். கோபம் பற்றிய வரி வந்ததும் சிரிப்பு வெடித்துக் கண்ணாடி கழன்று விழுந்தது. அப்புறம் பட்டன் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டே மோட்டாரை மாட்டினார். தகரத்தையும் வெட்டி வைத்தார். பெயின்ட் டப்பாவைப் பேத்தி ஒளித்து வைத்துவிட்டாள்.

நேற்று மொட்டை வெயிலில் ஊர் எல்லைவரை ஓட்டிப் போய், நடுரோட்டில் இன்ஜினை நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு மரத்தடி, அங்கே உட்கார்ந்தோம். நான் தண்ணீர் குடித்தேன். இவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்ப் பட்டனைத் தொட்டார். தொட்டதும் கிளம்பினாள்! நிறுத்தினார், மறுபடி கிளம்பினாள். திரும்பத் திரும்ப அதையே செய்தார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறோம். வீட்டைப் பேத்தி பார்த்துக்கொள்வாள்.

ஆனால் தம்பி, நடுவில் ஒரு சிக்கல் உண்டு. நேற்று இவர் சொன்னார். "அவன் வாசல்ல நிறுத்தி ஹார்ன் அடிப்பேன். எல்லாரும் பாக்கட்டும். இன்ஜினை ஆஃப் பண்ண மாட்டேன். அப்படியே வண்டியைத் திருப்பிட்டு வந்துடுவேன்."

"குழந்தை?"

"நீ எறங்கிக்கோ. பஸ்ல வா."

வண்டி நன்றாக ஓடினால் இந்தக் கொடுமை! அதனால் கேட்கிறேன். படகில் கிளம்ப வேண்டும், உன் வாசலில் கிளம்பக் கூடாது. அதற்கு ஏதாவது வழி உண்டா? ஏதாவது ஒரு ஒயரை, நான் கைக்குட்டை எடுக்கிற சாக்கில் கழற்றிவிடுகிற மாதிரி? நீ எழுதினால் நான் செய்துவிடுவேன். இப்போதெல்லாம் எனக்கு உள்ளே எது எங்கே இருக்கிறதென்று தெரியும்.

உன் அக்கா

•

ஜூன் 6

அக்காவுக்கு வணக்கம். நலம். நீ வருகிறாய் என்றதும் மகள் மாடி அறையை ஒழித்துவிட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில்: வழி உண்டு. ஒரே ஒரு சின்ன ஒயர். ஆனால் சொல்ல மாட்டேன்.

நான் கை வைத்த மோட்டார் என் வாசலில் கிளம்பாமல் நின்றால், இந்தத் தெருவில் நான் எப்படி ஸ்பானர் பிடிப்பது? அது போகட்டும். மச்சான் இத்தனை வருஷம் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்து வருகிறார். ஜெயித்துத்தான் வரட்டும். ஹார்ன் அடிக்கட்டும். திரும்பிப் போனாலும் போகட்டும். நான் சொன்ன சொல்லுக்கு நான் வாசலில் நின்று பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ கைக்குட்டையைக் கைக்குட்டையாக மட்டும் வைத்துக்கொள்.

மகள் கிளம்புகிற தேதி இருபத்தெட்டு. அவசரமில்லை என்று இந்தத் தடவை எழுத மாட்டேன்.

தம்பி

•

ஜூன் 15

பேத்திக் கண்ணுக்குப் பாட்டியின் ஆசீர்வாதம். வாசலைப் பூட்டித் தூங்குகிறாயா, காலையில் சாப்பிட்டுவிட்டு பேங்குக்குப் போகிறாயா? நாங்கள் இங்கே பத்திரமாக இருக்கிறோம். எப்போது வருவோம் என்று தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

படகுத்துறைக்கு வந்தபோது வெயில் உச்சியில். படகுக்காரர் அதே ஆள், இப்போது மீசை மட்டும் நரைத்திருக்கிறது. இந்தக் காரை யார் மறப்பார்கள்?

"ஐயா, இன்ஜினை ஆஃப் பண்ணணும்" என்றார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்து, "இன்னைக்கு ஆட்டுக்காரங்க யாரும் இல்லையே, அக்கரைல யாரு தள்றது?" என்றார்.

படகில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். உன் தாத்தா இன்ஜினை நிறுத்தினார். ஆற்றின் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் லாரிகள், மோட்டார் பைக்குகள். கரை வந்தது, பலகையை இறக்கினார்கள். பட்டனைத் தொட்டார்.

முனகல்கூட இல்லை கண்ணு. விறுட்டென்று கிளம்பி, ஒரே மூச்சில் மேடேறிவிட்டாள். படகுக்காரர் விசிலடித்தார். தாத்தா கண்ணாடியில் பின்னால் பார்த்து, "ஆட்டுக்காரங்களைக் கேட்டேன்னு சொல்லு!" என்று கத்தினார். அப்புறம் ஊர் வரும்வரை காரணமே இல்லாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தார்.

என் தம்பி வீட்டு வாசல். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீளமாக ஹார்ன் அடித்தார். தெருவே எட்டிப் பார்த்தது. தம்பி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கார் முன்னால் நின்றான். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "என்னோட மச்சான் காரு வந்திருக்கு. இது காருதான். பெஞ்சுன்னு சொன்னவன் முட்டாள்" என்றான்.

தாத்தா முகம் எப்படி ஆயிற்று தெரியுமா? ஜெயித்தவர் முகம் மாதிரியே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தரம் ஹார்ன் அடித்தார். அதைக் கேட்டுக் குழந்தை சிரித்துவிட்டான்! பல்லில்லாத வாய் முழுவதும் சிரிப்பு. மறுபடி அடித்தார், மறுபடி சிரித்தான்.

"மச்சான், இன்ஜின் சத்தத்துல இவன் சிரிக்கிறது சரியாக் கேக்கல" என்றான் தம்பி.

தாத்தா சட்டென்று சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குழந்தையை வாங்கினார். அவன் ஸ்டியரிங்கை நக்கினான், சட்டைப் பட்டனைப் பிடித்து இழுத்தான், கடைசியில் மடியை நனைத்தான். அப்படியும் அவர் இறக்கிவிடவில்லை. நானும் கைக்குட்டையை எடுத்தேன், கண்ணைத் துடைக்க.

பிறகு, "சரி, நான் கெளம்பறேன்" என்றார். குழந்தையை என்னிடம் கொடுத்தார். கையைப் பட்டன் பக்கம் கொண்டுபோனார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், நன்றாகப் பார்த்தேன். விரல் பட்டனுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் பலகையை அழுத்தியது.

"ம்ஹும்" என்றார். "ஸ்டார்ட் ஆகல. சூடு."

டக் என்று ஒரு சத்தமாவது வர வேண்டாமா? எனக்கே தெரியும்போது என் தம்பிக்குத் தெரியாதா? மோட்டார் சத்தத்தில் பிழைக்கிறவன் அவன். பானெட்டைத் திறந்தான். உள்ளங்கையை மோட்டார் மேல் வைத்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு யோசித்தான்.

"ஆமா மச்சான். நல்ல சூடு. ஆறணும்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"பழைய வண்டி பாருங்க. ஒரு பத்துப் பன்னெண்டு நாளாவது ஆகும்."

"அவ்ளோ ஆகுமா?" என்றார் தாத்தா. "அப்போ பெட்டியை எறக்கு."

உன் தாத்தா கொண்டுவந்த பெட்டியை இறக்கினால், உள்ளே அவருக்கு ஏழெட்டுச் சட்டை.

இன்றைக்குக் காலையில்கூடத் தம்பி கார்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கதகதன்னு இருக்கு மச்சான்" என்றான். "ஆமாமா, தொந்தரவு பண்ணாதே" என்றார் தாத்தா, குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு.

செடிக்குத் தண்ணீர் ஊற்று.
உன் பாட்டி

•

ஜூலை 9

மாப்பிள்ளைக்கு, மச்சான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே மகளும் குழந்தையும் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்குமே, நீயும் உன் மனைவியும் வேளைக்குச் சாப்பிட வேண்டும். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். வண்டி சூடானால் மறுபடியும் ஸ்டார்ட் ஆவதில்லை. இங்கே இருக்கிற யாரிடமும் காட்ட எனக்கு இஷ்டமில்லை. உன்னிடமே கொண்டுவருகிறேன். அடுத்த மாதம் முதல் வாரம் தோது எப்படி? மாடி அறை ஜன்னலில் கொசு வருகிறது, வலை அடித்து வை. போன தடவை மாதிரியே பத்து நாளாவது ஆற விட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று சந்தையில் நாலு முறை நிறுத்தியும் நாலு முறையும் முதல் தொடலிலேயே கிளம்பிற்று என்று உன் அக்கா எழுதுவாள். நம்பாதே. அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?